வாணலி, பன்றி, பதினேழு பாட்டு

இந்தக் கதையில் முதலில் வருகிறவர் பாட்டுக்காரர் இல்லை, வாணலி விற்றவர். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஃபிலிப் கைவ்ஸ், 1962-இல் வின்னிபெக் நகரத் தொலைக்காட்சியில் ஐந்து நிமிடத்தை விலைக்கு வாங்கி, அடிப்பிடிக்காத டெஃப்லான் வாணலியை நேரலையில் காட்டி விற்றார். சந்தையில் காய் சீவும் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ‘பாருங்கம்மா, கை வலிக்காது’ என்று கூவுகிறவரின் கலைதான் அது. கைவ்ஸ் அதைக் கேமரா முன்னால் செய்தார். வாணலிக்குப் பிறகு காய் நறுக்கும் கருவி, உடுப்பில் ஒட்டிய தூசியை எடுக்கும் தூரிகை என்று வரிசையாக வந்தன. 1966-இல் அதே தொண்டையில் ஓர் இசைத்தட்டைக் கூவிப் பார்த்தார். 25 கன்ட்ரி பாடகர்கள் தங்கள் ஹிட் பாட்டைத் தாங்களே பாடியது என்பதுதான் அந்தத் தட்டின் தலைப்பு. சரக்கின் விவரத்தையே பெயராக வைத்துவிட்டார். அவருடைய கே-டெல் நிறுவனம் அதற்கப்புறம் வாணலியைவிடப் பாட்டாலேயே அதிகம் அறியப்பட்டது.

‘தாங்களே பாடியது’ என்று ஏன் அத்தனை அழுத்திச் சொல்ல வேண்டும்? அந்தக் காலத்தில் மலிவுத் தொகுப்பு என்றால் பெரும்பாலும் நகல் குரல்தான். இங்கிலாந்தில் ஹால்மார்க் என்ற நிறுவனம் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ என்ற தலைப்பில் மாற்றி மாற்றித் தட்டு வெளியிட்டது. உறையில் அந்த மாதத்து ஹிட் பாட்டுகளின் பெயர்கள் இருக்கும். உள்ளே பாடியிருப்பவர் யாரோ ஒரு ஸ்டூடியோ கூலிப் பாடகர். பேர் வாங்குவதற்கு முன் எல்டன் ஜான்கூட இந்த மாதிரி மலிவுத் தட்டுகளில் மற்றவர் பாட்டை நகலெடுத்துப் பாடி வயிறு வளர்த்திருக்கிறார். இந்தச் சந்தைக்குள் கே-டெல் 1972-இல் ‘20 டைனமிக் ஹிட்ஸ்’ என்று அசல் குரல்களோடு நுழைந்தது. தட்டு பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

அசல் குரல்தான், ஆனால் முழுப் பாட்டு என்று எப்போதும் சொல்ல முடியாது. எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் சௌகரியமாக அடங்கும். பத்துப் பதினொரு பாட்டை நெருக்கிப் போட்டால் வரிகளை மெல்லியதாக வெட்ட வேண்டும்; வரி மெலிந்தால் ஒலி தேயும், தாழ்ந்த சுருதிகள் முதலில் காணாமல் போகும். இதைச் சமாளிக்கப் பாட்டின் தலையிலோ வாலிலோ கத்தரி வைப்பார்கள். நம்மூரில் ரெக்கார்டிங் சென்டரில் கேசட்டுக்குப் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். ‘சிக்ஸ்டியா, நைன்ட்டியா?’ என்று கேட்டுவிட்டு, ‘ஏ’ பக்கத்தின் கடைசிப் பாட்டைச் சரணத்தின் நடுவில் அறுத்துக் கொடுத்த கடைக்காரர்கள் அத்தனை பேரும் கே-டெல்லின் தூரத்து உறவினர்கள்தாம்.

இசை நிறுவனங்கள் இதையெல்லாம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வேடிக்கை பார்த்தன. பாடகரைக் கண்டுபிடித்து, ஸ்டூடியோவுக்குப் பணம் கட்டி, வானொலியில் ஓடவைத்து, ஒரு பாட்டை ஹிட் ஆக்குவது அவர்கள். அது ஹிட்டானதும் கே-டெல்லோ அதே மாதிரித் தொகுப்பு விற்ற ரோன்கோவோ வந்து ஒரு கடிதம் கொடுத்து, தட்டுக்கு இவ்வளவு என்று பேசி வாங்கிக்கொண்டு போவார்கள். தொலைக்காட்சியில் கூவி விற்ற லாபம் வாங்கியவருக்கு. பயிர் செய்தவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

லண்டன் நாட்டிங் ஹில் பக்கம், போர்டொபெல்லோ ரோட்டுக்கு அருகில் வெர்னன் யார்டு என்ற முடுக்கில், அப்படி வேடிக்கை பார்த்த நிறுவனங்களில் ஒன்றான வர்ஜின் ரெக்கார்ட்ஸின் அலுவலகம் இருந்தது. 1983-இல் அங்கே உரிமம் கொடுக்கும் துறையைக் கவனித்தவர் ஸ்டீபன் நேவின். பொது மேலாளர் ஜான் வெப்ஸ்டர். இசை நிறுவனங்களே நடத்திய தொகுப்பின் கரு இந்த இரண்டு பேருடையது. இசைக் கலைஞரோ ரசிகரோ கண்ட கனவு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். வெளியாருக்குப் பாட்டை வாடகைக்கு விடும் காகிதங்கள் எந்த மேசை வழியாகப் போயினவோ, அந்த மேசையில் பிறந்த கேள்வி இது: நம் பாட்டை நாமே ஏன் தொகுக்கக் கூடாது?

அந்த வருடம் வர்ஜினுக்கு அமோக விளைச்சல். கல்ச்சர் கிளப், ஃபில் காலின்ஸ், ஹ்யூமன் லீக், ஹெவன் 17 எல்லாரும் அவர்கள் பக்கம். ஆனாலும் இரண்டு எல்.பி.யை ஒரே கம்பெனியின் பாட்டால் நிரப்பினால் அது விளம்பரப் பிரசுரம் மாதிரி இருக்கும். இன்னொரு பெரிய கை வேண்டும். வர்ஜினின் நிர்வாக இயக்குநர் சைமன் டிரேப்பர் வழியாக யோசனை இ.எம்.ஐ.யின் பீட்டர் ஜேமிசனிடம் போனது. டுரான் டுரான் குழு இ.எம்.ஐ.யிடம் இருந்தது. ஜேமிசன் தானும் ஏற்கெனவே இதே போன்ற ஒன்றைத் திட்டமிட்டிருந்ததால் பேச்சு நீளவில்லை. லண்டனின் லிட்டில் வெனிஸ் கால்வாயில் கட்டியிருந்த வர்ஜின் நிறுவனர் ரிச்சர்ட் பிரான்சனின் படகில் ஒப்பந்தம் முடிந்தது.

இனிப் பெயர். இங்கேதான் பன்றி வருகிறது.

பிரான்சன் அந்த வட்டாரத்தில் பழைய விளம்பரத் தகடுகள் விற்கும் கடை ஒன்றுக்கு அடிக்கடி போய்வந்தார். கலை ஆர்வம் என்று சொல்லலாம். கடையில் வேலை பார்த்த ஜோன் என்ற பெண்மேல் ஆர்வம் என்றும் சொல்லலாம். இரண்டாவதை அவரே சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார், பின்னாளில் ஜோனைத்தான் மணந்தும் கொண்டார். சும்மா போய் நிற்க முடியாதே, எதையாவது வாங்கியாக வேண்டும். அப்படி வாங்கிக் குவித்தவற்றில் ஒன்று டென்மார்க் பன்றி இறைச்சிக்கான பழைய போஸ்டர். ஒரு கோழி தொண்டையைத் திறந்து பாடுகிறது. பக்கத்தில் ஒரு பன்றி சொக்கிப்போய்க் கேட்டுவிட்டு, ‘நவ், தட்ஸ் வாட் ஐ கால் மியூசிக்’ என்கிறது. ‘பாட்டுன்னா இதுல்ல பாட்டு!’ என்கிற தொனி. கோழியின் முட்டையும் பன்றியின் இறைச்சியும் ஆங்கிலேயரின் காலைத் தட்டில் சேர்ந்து வருகிறவை என்பதுதான் அதிலுள்ள நகைச்சுவை. தன் சதையை விற்கும் விளம்பரத்தில் நின்றுகொண்டு சங்கீதம் ரசிக்கும் அந்த ஜீவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

டிரேப்பர் பிரான்சனுக்கு ஒன்றுவிட்ட உறவு. காலையில் சாப்பிடும்வரை சிடுசிடுப்பார், முட்டை என்றால் உயிர். அதைக் கிண்டல் செய்யத்தான் பிரான்சன் போஸ்டருக்குச் சட்டம் போட்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டச் செய்தார். தொகுப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று தலையைச் சொறிந்த கூட்டம், சுவரை நிமிர்ந்து பார்த்ததோடு வேலை முடிந்தது: பன்றி சொன்னதே பெயர், சுருக்கமாக ‘நவ்’.

1983 நவம்பர் 28-இல் முதல் தொகுப்பு வந்தது. இரண்டு எல்.பி., 30 பாட்டு, அதில் அந்த ஆண்டு முதலிடம் பிடித்தவை மட்டும் 11. உறையில் எண் இல்லை. இரண்டாவது ஒன்று வரும் என்று அப்போது யாரும் உறுதியாக நம்பவில்லை போலிருக்கிறது. தட்டு நேராக முதலிடத்துக்குப் போனது. பன்றி மூன்றாவது தொகுப்பிலிருந்து அட்டையிலேயே ஏறி உட்கார்ந்தது. தொலைக்காட்சி விளம்பரத்தில் அதற்கு நடிகர் பிரையன் குளோவர் குரல் கொடுத்தார். ஐந்தாவது தொகுப்போடு பன்றி ஓய்வுபெற்றது. பெயர் மட்டும் நின்றது.

இந்த முதல் தொகுப்பில் ஒரு வேடிக்கை உண்டு. பானி டைலர், மென் அட் வொர்க், பால் யங் ஆகியோரின் பாட்டுகள் சி.பி.எஸ். குழுமத்துக்குச் சொந்தம், ராட் ஸ்டீவர்ட் வார்னருக்கு. கே-டெல் இவர்களிடம் வாங்கியதைப் போலவே வர்ஜினும் இ.எம்.ஐ.யும் கடன் வாங்கித்தான் 30-ஐ நிரப்பியிருந்தார்கள். கடன் கொடுத்தவர்களுக்கு அடுத்த ஆண்டே புத்தி வந்தது. சி.பி.எஸ்.ஸும் வார்னரும் கைகோத்து 1984 நவம்பரில் ‘த ஹிட்ஸ் ஆல்பம்’ கொண்டுவந்தன. நாலாவது ‘நவ்’ முதலிடத்துக்குப் போக முடியாமல் இரண்டாமிடத்தில் நின்றதற்கு அந்தத் தட்டுதான் காரணம். தொகுப்புகளின் சண்டை இப்படியே முற்றி, ஆல்பம் பட்டியலின் உச்சியை அவையே அடைத்துக்கொண்டன. ஒரு தனிப் பாடகர் தன் ஆல்பத்தோடு மேலே ஏற இடமில்லை என்ற புகார் எழுந்தது. 1989 ஜனவரியில் தொகுப்புகளுக்குத் தனிப் பட்டியல் போட்டு அவற்றைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிரிட்டனில் இவ்வளவு நடந்தும் அமெரிக்கா பதினைந்து ஆண்டுகள் அசையவில்லை. பாட்டுச் சந்தைகளில் ஆகப் பெரியது அது. காரணம், அங்கே கம்பெனிகளின் வயிறு நிறைந்தது முழு ஆல்பத்தால். ஒரு பாட்டுக்காகப் பன்னிரண்டு பாட்டுள்ள சிடியை வாங்கும் வாடிக்கையாளர்தான் அவர்களுக்குப் படியளந்தவர். பதினேழு ஹிட்டை ஒரே தட்டில் கொடுத்தால் பதினேழு ஆல்பத்தின் விற்பனை போய்விடும் என்பது அவர்கள் பயம்.

அந்தப் பயம் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு விபரீதத்தில் கொண்டுபோய் விட்டது. அதுவரை ஹிட் பாட்டு ‘சிங்கிள்’ என்ற சிறிய தட்டாக, மலிவான கேசட்டாக, தனியே கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகள் கைக்காசில் வாங்குவது அதைத்தான். கம்பெனிகள் அந்தக் குழாயை மெல்ல மூடின. பாட்டு வானொலியில் ஓடும், எம்.டி.வி.யில் ஓடும், கடையில் தனியாகக் கிடைக்காது. வேண்டுமென்றால் 17 டாலரை ஒட்டிய விலையில் முழு சிடியை வாங்கு. இதற்கு அவர்கள் கொடுத்த விலை ஒன்று உண்டு: பில்போர்டு பத்திரிகையின் ‘ஹாட் 100’ பட்டியலில், கடையில் சிங்கிளாக வராத பாட்டுக்கு அப்போது இடம் கிடையாது. நோ டவுட் குழுவின் ‘டோன்ட் ஸ்பீக்’ வானொலி ஒலிபரப்புப் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஹாட் 100-இல் நூறாவது இடம்கூட இல்லை. நாடே முணுமுணுத்த பாட்டு, நாட்டின் பாட்டுப் பட்டியலில் இல்லாத பாட்டு.

சிடி விலையிலும் சூழ்ச்சி இருந்தது. கடைக்காரர் குறைந்த விலை போட்டு விளம்பரம் செய்தால், கம்பெனி தரும் விளம்பரப் பணம் வெட்டு என்று ஐந்து பெரிய நிறுவனங்களும் நிபந்தனை வைத்திருந்தன. 2000-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் தலையிட்டு இதை நிறுத்தியது. மூன்று ஆண்டுகளில் மக்கள் 48 கோடி டாலர் அதிகமாகக் கொடுத்திருக்கலாம் என்பது ஆணையத்தின் மதிப்பீடு.

சிங்கிளை ஒழித்தவர்களே தொகுப்புக்கு வாசல் திறந்துவிட்டார்கள் என்பது என் கட்சி. 1980-களில் அமெரிக்காவில் ‘நவ்’ வந்திருந்தால் சிங்கிளோடு போட்டி போட்டு மூச்சுத் திணறியிருக்கும். 1998-இல் போட்டிக்கு ஆளே இல்லை. ஒரு பாட்டை மட்டும் விரும்பும் கூட்டம் கையில் காசோடு நின்றுகொண்டிருந்தது, விற்கத்தான் யாரும் இல்லை.

இதைக் கண்டுகொண்டு அமெரிக்க ‘நவ்’வை முன்னின்று நடத்தியவர் பாப் மெர்சர். இங்கிலாந்தில் இ.எம்.ஐ.யில் பெரிய பதவியில் இருந்தவர், பதின்வயது கேட் புஷ்ஷை ஒப்பந்தம் செய்தவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. வர்ஜின் 1992-இலேயே இ.எம்.ஐ.யின் கைக்குப் போயிருந்தது. இ.எம்.ஐ.யோடு பாலிகிராமும் யுனிவர்சலும் சேர்ந்தன. அந்த நேரம் யுனிவர்சலின் சொந்தக்காரர் சீக்ராம், விஸ்கி காய்ச்சும் கம்பெனி. சீக்ராம் 1998 டிசம்பரில் பாலிகிராமையும் வாங்கி முடித்தது. அதாவது தொகுப்பு வெளிவந்து ஆறேழு வாரத்தில் மூன்று கூட்டாளிகள் இரண்டாகிப் போனார்கள்.

1998 அக்டோபர் 27-இல் வெளியான அந்தத் தட்டு ஒரே சிடி, 17 பாட்டு. ஒரு சிடியில் எண்பது நிமிடம்வரைதான் அடங்கும்; பிரிட்டனைப் போல இரட்டைத் தட்டுச் சொகுசு இல்லை. ஜேனட் ஜாக்சனின் ‘டுகெதர் எகெய்ன்’, ஸ்பைஸ் கேர்ள்ஸின் ‘சே யூல் பி தேர்’, லென்னி கிராவிட்ஸின் ‘ஃப்ளை அவே’ மூன்றும் வர்ஜினிலிருந்து. ஹான்சன் சகோதரர்களின் ‘ம்ம்ம்பாப்’ பாலிகிராமிலிருந்து. அது வந்தபோது மூவரில் இளையவனுக்குப் பதினொன்றோ என்னவோ வயது. கே-சி அண்டு ஜோஜோவின் ‘ஆல் மை லைஃப்’ யுனிவர்சலின் எம்.சி.ஏ.விலிருந்து, அதுவரை எத்தனை கல்யாணத்தில் ஒலித்திருக்குமோ. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸின் ‘ஆஸ் லாங் ஆஸ் யூ லவ் மீ’ மூன்று பேரில் யாருடையதும் இல்லை. ஜைவ் என்ற வெளிக் கம்பெனியிடம் கடன் வாங்கியது. அமெரிக்கக் கடையில் அது சிங்கிளாக வந்ததே இல்லை. ஃபாஸ்ட்பால் குழுவின் ‘த வே’யும் அப்படியே. இந்த இரண்டையும் தனியாகத் தேடி அலைந்தவருக்கு இந்தச் சிடி கிட்டத்தட்ட ஒரே வழி.

எம்.சி.ஏ. கொடுத்த இன்னொன்று ‘பார்பி கேர்ள்’, டேனிஷ்–நார்வே குழுவான அக்வாவின் பாட்டு. பொம்மை தயாரிக்கும் மாட்டெல் நிறுவனம் 1997-இல் இதன்மேல் வழக்குப் போட்டது. 2002-இல் மேல்முறையீட்டு நீதிபதி இரண்டு தரப்பையும் சூடு தணியுங்கள் என்று அறிவுரை சொல்லி அனுப்பும்வரை இழுத்தது. டென்மார்க் பன்றி பெயர் கொடுத்த தொகுப்பில் டென்மார்க் பாட்டும் வந்து சேர்ந்தது எந்தத் திட்டத்திலும் இல்லாத பொருத்தம்.

இந்தப் பட்டியலில் என்னைத் தடுக்கி விழவைப்பது ரேடியோஹெட். ‘ஓகே கம்ப்யூட்டர்’ என்ற இருண்ட ஆல்பத்தின் ‘கர்மா போலீஸ்’, பார்பி பாட்டும் ஹான்சன் பையன்களும் இருக்கும் அதே தட்டில். ரேடியோஹெட்டை இழையிழையாகக் கேட்கும் ரசிகர் இதைப் பார்த்து நெஞ்சில் கைவைத்திருப்பார். இ.எம்.ஐ.யின் கேப்பிட்டல் பிரிவில் இருந்த பாட்டு, கைவசம் இருந்த சரக்கு, போட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி ஹான்சனுக்காக வாங்கி, ரிமோட்டைத் தேடுவதற்குள் ரேடியோஹெட் பாடகர் டாம் யார்க்கின் குரல் காதில் விழுந்திருக்குமே, அதை நினைத்தால் எனக்குத் தொகுப்பின்மேல் மரியாதை கூடுகிறது. ரசனையாளர் தொகுத்தால் இப்படி நடக்காது. கணக்குப்பிள்ளை தொகுத்தால்தான் நடக்கும்.

கணக்கு என்றால் நிஜமாகவே கணக்குதான். இந்த மாதிரித் தட்டில் வழக்கம், உரிமத் தொகையைப் பாட்டு எண்ணிக்கையால் வகுப்பது. 17 பாட்டு என்றால் ஜேனட் ஜாக்சனுக்கும் பதினேழில் ஒரு பங்கு, ஒரே ஒரு ஹிட்டோடு மறைந்துபோன குழுவுக்கும் பதினேழில் ஒரு பங்கு. நட்சத்திரம் என்பதற்காகக் கூடுதல் இல்லை. கோயில் வாசலில் பொங்கல் வாங்கும் வரிசை மாதிரி.

தட்டு பில்போர்டு ஆல்பம் பட்டியலில் பத்தாமிடம் வரை ஏறி, பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றும் பெற்றது. தட்டு வெளியாகி ஐந்தாறு வாரம் கழித்து, டிசம்பர் 5 தேதியிட்ட இதழிலிருந்து, பில்போர்டு தன் விதியை மாற்றி, சிங்கிளாக வராத பாட்டையும் ஹாட் 100-இல் அனுமதித்தது. 1999-இல் போட்டிக் கம்பெனிகள் ‘டோட்டலி ஹிட்ஸ்’ என்று தங்கள் தொகுப்பைக் கொண்டுவந்தன. 1984 லண்டன் நாடகத்தின் மறு ஒளிபரப்பு. 2000-இல் அமெரிக்க ‘நவ்’வின் நாலாவது தொகுப்பு முதலிடத்தைப் பிடித்தது. அதற்கு முந்தைய நவம்பரில் பிரிட்டனின் 44-ஆவது தொகுப்பு இருபது லட்சத்துக்கும் மேல் விற்று, அந்த வரிசையிலேயே அதிகம் விற்றதாக நின்றது.

அதே 1999 ஜூனில், இணையத்தில் பாட்டைப் பகிரும் நாப்ஸ்டர் வந்துவிட்டது. ஒரு பாட்டு மட்டும் போதும் என்று கடை வாசலில் நின்ற பிள்ளைகள் கணினி முன்னால் போய் உட்கார்ந்தார்கள், காசும் மிச்சம். கம்பெனிகள் வழக்கறிஞர்களை அனுப்பின. கடைசியில் ஆப்பிள் 2003 ஏப்ரலில் ஐட்யூன்ஸ் கடையைத் திறந்து, பிடித்த பாட்டைத் தனியாக 99 சென்ட்டுக்கு எடுத்துக்கொள் என்றபோது, ஐந்து பெரிய நிறுவனங்களும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டன. அமெரிக்க முதல் தொகுப்பின் பதினேழு பாட்டையும் அந்த விலையில் தனித்தனியே வாங்கினால் என்ன ஆகும் என்று ஒருமுறை பெருக்கிப் பார்த்தேன். 16 டாலர் 83 சென்ட்.